ஆறு ரூபாய்க் குடித்தனம்

என்னைத் திருடி என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விலை மட்டும்தான் சொன்னார். என் கணவர் சேஷனின் அண்ணா பஞ்சாபகேசனைத்தான் சொல்கிறேன். ரங்கூனில் குண்டு விழுந்ததும், மலையும் காடுமாக நடந்து, போன வருஷம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முப்பது வருஷம் அங்கே அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்த மனிதர் ஒரு கூஜாவும் ஒரு கம்பளியுமாக வந்தார். கூடப் புறப்பட்ட அவர் பெண்டாட்டி விஜயம் மன்னி வரவில்லை. "வழியில ஜுரம். போய்ட்டா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வந்த புதிதில் வாயே திறக்காமல் இருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திறந்தார்.

"சேஷா, துவரம்பருப்பு இப்போ என்ன விலை?"

இவருக்கு என்ன தெரியும்? சர்க்கார் ஆபீஸில் பேனாவைப் பிடிக்கிறவர். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து விலையைச் சொன்னேன். எங்கள் வீடுகளில் தம்பி பெண்டாட்டி புருஷனுடைய தமையன் எதிரே வந்து நிற்கவும் கூடாது, நேரே பேசவும் கூடாது; என் பெண்கள்தான் அவருக்குப் பரிமாறுவார்கள். ஆகையால் அவர் கேட்பது தம்பியிடம், நான் பதில் சொல்வது கதவிடம். நடுவில் இவர் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நான் கப்பல் ஏறின வருஷம் இதுல மூணுல ஒரு பங்குடா" என்றார் பெரியவர்.

சரி, வயதானவர் பழைய கதை சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் தேங்காய். அதற்கு மறுநாள் மிளகாய். நல்லெண்ணெய், உளுந்து, புளி, கடுகு. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் என்ன விழுகிறதோ அதன் விலை. இப்போது என்ன, அப்போது என்ன. எங்கள் ஊரில் இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். அந்த நாளில் இடங்கழிப் படியால் ஒரு படி அரிசி மூன்றரைச் சக்கரம், தேங்காய் ஒரு சக்கரம் என்று அவர் சொல்லச் சொல்ல, குழம்பு என் கையிலேயே ஆறிப்போகும்.

பழைய விலையைச் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? ஆனால் அவர் கணக்குப்பிள்ளை இல்லையா! ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்ச்சாதம் பிசைந்துகொண்டே கணக்கை முடித்தார்.

"அம்மா எட்டுப் பேர் இருந்த குடித்தனத்தை மாசம் ஆறு ரூபாயில நடத்தினா. எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. நான்தானே பணத்தை எடுத்துண்டு சாலைக்கடைக்குப் போவேன்? இப்போ யுத்தம், விலை மூணு மடங்கு ஏறிடுத்து. ஒத்துக்கறேன். அப்போ ஆறு ரூபா பதினெட்டாகணும். நீங்க இருக்கிறது நாலு பேர். எட்டுப் பேர்கூட இல்லை. உனக்கு மாசம் ஆறது முப்பது. பாக்கி எங்கேடா போறது?"

"அஞ்சு பேர்" என்று கதவிடம் திருத்தினேன். அவரையும் சேர்த்து ஐந்துதானே? நாங்கள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர், அவர் ஒருவர். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தெரியுமா? அந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ரேஷன் அரிசி ஐந்து பேருக்கு வாரத்தில் பாதிக்குக்கூடக் காணாது. மீதிக்குக் கறுப்புச் சந்தையில் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அதுவும் பிடிக்காத நாளில், அக்கம்பக்கம் தெரியாமல் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, சாதத்தோடு பிசைந்து, பெண்களுக்குப் போட்டேன். அக்கிரகாரத்தில் மரச்சீனி தின்றோம் என்று வெளியே சொல்ல முடியுமா? ஒரு காசுகூட நான் என் முந்தானையில் முடிந்துகொண்டதில்லை. ஆனாலும் அந்த மூன்று மடங்கை வைத்து நானே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுதான் வந்தது. மாமியார் என்ன மந்திரம் போட்டாள் என்று எனக்கும் விளங்கவில்லை. மாமியாரை நான் பார்த்ததே இல்லை. நான் கல்யாணமாகி வரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சூடா, நான் தப்பா கேக்கலை. கல்லிடைக்குறிச்சிக்கு ஏதாவது அனுப்பறியோ?"

கல்லிடைக்குறிச்சி என் பிறந்த வீடு. அடப் பாவமே! பதினெட்டு வருஷம் இவருக்குச் சமைத்துப் போட்ட கை இது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அனுப்பறேன். மூட்டை மூட்டையா அனுப்பறேன். ரயில் வண்டி போறாம மாட்டு வண்டியும் கட்டி அனுப்பறேன்!"

"எதுக்குக் கோவிச்சுக்கறே? வெறுதே கேட்டேன். அண்ணா ஒரு மாசம் தான் நடத்திப் பாக்கறேன்னு சொல்றார். குடுத்துத்தான் பாப்போமே. கணக்குத் தெளிஞ்சா உனக்கும் நல்லதுதானே?"

சாமான் வைக்கும் உக்கிராண அறைச் சாவி என் இடுப்பிலிருந்து இறங்கி அவர் இடுப்புக்குப் போனது. எங்கள் தெருவில் சாவி பறிபோன ஒரே பெண்பிள்ளை நான்தான். காலையில் அவர் கதவைத் திறந்து அரிசியும் பருப்பும் அளந்து வைத்துவிட்டு நகர்ந்துபோவார். அப்புறம்தான் நான் உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் எனக்குப் படி அளக்கிறார்கள்! மாசம் முடிந்து செலவு குறைந்தது என்று அவர் காட்டிவிட்டால், ஆயுசுக்கும் நான் திருடிதான். பெண்கள் நாளைக்குப் புக்ககம் போனாலும் அந்தப் பேச்சு கூடவே போகும்.

செலவு குறைந்தது. அதுதான் வேடிக்கை. முதல் வாரத்திலேயே குறைந்துவிட்டது. விடியும் முன்பே கிளம்பி, ஊர் எல்லை வரை நடந்து, தோட்டக்காரர்களிடம் சேனையும் வாழைக்காயும் தேங்காயும் வாங்கித் தோளில் சுமந்து வந்தார். அதில் கொஞ்சம் லாபம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இவ்வளவா? சாலைக்கடைத் தெருவில் நான் வழக்கமாக வாங்கும் தாணுப் பிள்ளை கடைக்கு நானே ஒரு நடை போய்க் கேட்டேன்.

"சாமி நம்ம கடையிலதாம்மா வாங்குகாரு. உங்களுக்கு என்ன விலையோ அதே விலைதான். குறைச்சுக் குடுக்க எனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் தாணுப் பிள்ளை.

அதே கடை, அதே விலை. அப்படியானால் செலவு மட்டும் எப்படி இறங்கும்? அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சந்தேகம் என்ன அவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தா? எனக்கும் வரும்.

சாவி கைக்குப் போன நாளிலிருந்து அவர் மத்தியானம் வீட்டில் சாப்பிடுவதில்லை. பதினோரு மணிக்கு அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "தம்பானூர்ல சிநேகிதன் ஆத்துல சாப்பாடு" என்று இவரிடம் சொல்லி வைத்திருந்தார். ராத்திரியும் இரண்டு கரண்டியோடு போதும் என்று எழுந்துவிடுவார். முப்பது வருஷம் ஊரிலேயே இல்லாதவருக்குத் தம்பானூரில் ஏது சிநேகிதன்? இந்த அரிசிப் பஞ்சத்தில் தினம் கூப்பிட்டுச் சோறு போடுகிற மகராஜன் யார்?

பக்கத்து வீட்டு நீலாம்பாளிடம் சொன்னேன். அவளுக்கு அறுபது வயது இருக்கும். பிறந்ததும் இதே தெரு, வாழ்க்கைப்பட்டதும் இதே தெரு. அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "ரங்கூன்லேர்ந்து வந்தவா எல்லாரும் வெறுங்கையோடயா வந்தா? நீ நம்பறியாடி?" என்றாள். "கம்பளிக்குள்ள என்ன தைச்சு வெச்சிருக்கானோ! கைப்பணத்தைப் போட்டு சாமானை வாங்கிட்டு, மலிவா வாங்கினேன்னு உன்னைத் திருடியாக்கறான். மத்தியானம் ஹோட்டல்ல நெய்யும் பருப்புமா நடக்கும்."

அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. நெய்யை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. என் பெண்கள் நெய்யைக் கண்ணால் பார்த்து எத்தனையோ மாசமாகிறது.

மாசக் கடைசி நாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று நீலாம்பாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தேங்காயை உடைத்தோம். அவர் கோவிலைத் தாண்டித் தம்பானூர்ப் பக்கம் போவதைப் பார்த்ததும் பின்னாலேயே நடந்தோம். உச்சி வெயில். நீலாம்பாள் மூச்சு வாங்கினாலும் விடவில்லை. அவளுக்கு இப்படிப்பட்ட காரியம் என்றால் கால் வலியெல்லாம் பறந்துவிடும்.

ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பிராமணாள் ஹோட்டல். அதன் வாசலில் நின்றார். நான் நீலாம்பாள் கையை அழுத்தினேன். வாசலில் சாப்பாட்டு விலை எழுதிய பலகை தொங்கியது. அதை மேலிருந்து கீழே வாசித்தார். உதடு அசைந்தது. பிறகு உள்ளே போகாமல் ரோட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போனார்.

அங்கே ஒரு குழாய் இருந்தது. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குடித்தார், குடித்தார், நிறுத்தாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தை எடுத்து வயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சிநேகிதனும் வரவில்லை, நெய்யும் வரவில்லை. வெயில் தாழும் வரை அங்கேதான் இருப்பார் என்று போர்ட்டர் ஒருவன் நீலாம்பாளிடம் சொன்னான். தினமும் இதே பெஞ்சாம்.

செலவு எந்த வாயிலிருந்து குறைந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீலாம்பாள்தான் முதலில் பேசினாள்.

"ஐயோ, இந்தப் பிள்ளையா இப்படி? சின்ன வயசுல மத்தியான மணி அடிச்சா ஊட்டுப்புரை வாசல்ல முதல் ஆளா நிப்பானேடி!"

"என்ன சொன்னேள்?"

"ஊட்டுப்புரை, ஊட்டுப்புரை. அந்த நாள்ல பிராமணாளுக்கு சர்க்கார் தர்மச் சாப்பாடு உண்டே? உங்காத்து ஆம்பளைகள் எல்லாம் ரெண்டு வேளையும் அங்கேதான். இவன், இவன் அப்பா, சித்தப்பாமார். உன் மாமியார் ஆத்துல உலை வெச்சதே பெண்டுகளுக்கும் சேஷனுக்கும்தான். அவன் அப்போ இடுப்புல இருந்த குழந்தை."

நட்ட நடு ரோட்டில் நின்றுவிட்டேன். எட்டுப் பேரில் நான்கு பேருக்கு வீட்டில் அடுப்பே மூட்டவில்லை! அப்புறம் ஆறு ரூபாயில் ஏன் நடக்காது? நானும் நடத்துவேன், என் பாட்டியின் பாட்டியும் நடத்துவாள். பின்னால் இந்த வீட்டு ஆண்கள் உத்தியோகம் என்று கோட்டு மாட்டிக்கொண்டதும் ஊட்டுப்புரைக்குப் போவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. இவருக்கு ஞாபகம் இருக்க வயதில்லை. அண்ணாவுக்கு? குளத்தில் குளிக்கிற தண்ணீருக்கு யாராவது விலை போடுவார்களா? ஊட்டுப்புரைச் சாப்பாடும் அப்படித்தான். அது அவர் கணக்கில் ஏறவே இல்லை.

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று கறுவிக்கொண்டேன். வெட்டவெளிச்சமாக என் பக்கம் நியாயம். ஆனால் அந்த முடிச்சு, வயிற்றில் போட்ட அந்த முடிச்சு, கண்ணை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் இவர் ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் எதிரே உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"சேஷா, மாசம் முடிஞ்சாச்சு. இருபத்தொண்ணு. முப்பது இல்லை, இருபத்தொண்ணு. இன்னும் இறக்கலாம். பதினெட்டுக்குக் கொண்டுவரலாம்."

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"சூடா, சாவி அண்ணாகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்தேன். கூடத்தின் நடுவில், பெரியவர் முகத்துக்கு நேரே நின்றேன். அவர் வந்த நாளிலிருந்து நான் செய்யாத காரியம். இவருக்கு வாய் பிளந்துவிட்டது.

"மத்தியானம் எங்கே சாப்பிட்டேள்?" என்று கேட்டேன்.

"சூடா!" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்கோ. அவரைத்தான் கேக்கறேன்."

பெரியவர் தரையைப் பார்த்தார். "சிநேகிதன் ஆத்துல" என்றார்.

"எந்தச் சிநேகிதன்? ஸ்டேஷன் குழாயா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடவில்லை.

"உங்கம்மா ஆறு ரூபாயில குடித்தனம் நடத்தினாளே, அப்போ நீங்க மத்தியானம் எங்கே சாப்பிட்டேள்?"

"ஊட்டுப்புரையில" என்றார் சட்டென்று.

"ராத்திரி?"

"அங்கேதான்."

"உங்கப்பா? சித்தப்பாமார்?"

"எல்லாரும் அங்கேதா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நான்காவது விரலில் நின்றது. முப்பது வருஷம் கணக்கு எழுதிய கை. அதற்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எட்டுன்னு போட்டேனே. நாலுன்னா போட்டிருக்கணும்? அது ஏன் எனக்குத் தோணலை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். என் காலடிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "சூடாமணி" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதற்கு முன் கூப்பிட்டதே இல்லை. "உன்னைத் திருடின்னு நெனச்சேன். என் கணக்குதான் தப்பு."

ஜெயித்துவிட்டேன். இன்னும் நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இவருக்கென்று தனியாகப் பத்து வார்த்தை வைத்திருந்தேன், அதை அப்புறம் சாவகாசமாகச் சொன்னேன் என்பது வேறு விஷயம். அப்போது எனக்கு அந்த முடிச்சுதான் நினைவுக்கு வந்தது.

"அது போகட்டும். எதுக்குப் பட்டினி கிடந்தேள்? யார் உங்களைச் சாப்பிட வேண்டாம்னா?"

"என் வாய் ஒண்ணாலே சேஷனுக்குச் செலவு ஏறக்கூடாது. பட்டினி எனக்குப் பழக்கம்தான்."

"அண்ணா!" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் உள்ளே போகத் திரும்பினேன். அவரே மறுபடியும் பேசினார், என்னிடம்தான்.

"விலை விலைன்னு நான் உங்களை எல்லாம் ரொம்பப் படுத்திட்டேன். பழைய விலையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிண்டே இருந்தா இன்னொரு விலை ஞாபகத்துக்கு வராது. அதுக்குத்தான்."

"எந்த விலை?"

"மணிப்பூர் மலை வழியில ஒரு டம்ளர் அரிசி ஒரு தங்க வளையல். விஜயம் கையில ரெண்டு வளையல்தான் இருந்தது." இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். "ரெண்டு டம்ளரையும் வடிச்சு எனக்கே போட்டா. உனக்கு எங்கேன்னு அவகிட்டே கேட்டேன். பின்னாடி வந்த கூட்டத்துல ஒரு அம்மா குடுத்தா, சாப்பிட்டாச்சுன்னா. நான் நம்பினேன். கடுகுக்கும் மிளகாய்க்கும் சந்தேகப்படறேனே, அன்னிக்கு மட்டும் நம்பிட்டேன்."

நான் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். உக்கிராணத்தைத் திறந்து நானே அரிசி அளந்தேன். மறுநாளைக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து அளந்தேன். சாதம் வெந்ததும் வடித்து, இலை போட்டு, "வாங்கோ" என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். போட்டேன். பாதியில் இலையை மறைத்துக் கை நீட்டி, "போதும், வயிறு நிறைஞ்சாச்சு" என்றார்.

நான் நம்பவில்லை. கையை எடுக்கச் சொல்லி இன்னும் இரண்டு கரண்டி போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவருக்கு எதிரேயே நின்றேன்.